கேஸ் தீரவில்லை

அடிவாரச் செக்போஸ்ட்டுக்கு இப்பால்
புளியமர நிழல் மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு
நிற்கிறது கேரவன்.
உள்ளே படுக்கை, அடுப்பு, கக்கூஸ்,
ஆணியடித்து மாட்டிய முருகன்,
எல்லாம் இருக்கிறது.
குளிர் மட்டும் இல்லை.

மே மாதம். மணி ஒன்றரை.
"கேஸ் தீர்ந்திருக்கும், அடிச்சு விட்டுருங்க"
நான் பைக்கை நிறுத்துவதற்குள் சொல்கிறார் திருஞானம்.
எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.
ஏசி படுத்தால் கேஸ்,
வயிறு படுத்தினால் கேஸ்.

கூரைத் தகடு முட்டியைச் சுடுகிறது.
சாக்கை மடித்துப் போட்டு மண்டியிடுகிறேன்.
பதினாலு ஸ்க்ரூ.
பன்னிரண்டாவது துருவேறி வம்பு செய்கிறது.
மூடியைத் தூக்கினால்
வெள்ளை.
கண்டென்சர் பூராவும் வெள்ளை,
மாவு மில்லில் வேலை பார்த்துவிட்டு
நேரே வந்தது போல.

"எங்க நிறுத்தியிருந்தீங்க?"
"நாலு நாளா வெள்ளைக்கல் பக்கம்.
இவ தங்கச்சி வீட்டு முன்னாடி."
தங்கச்சி என்ற சொல்லை
அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.
கல் லாரி போகிற ரோடு.
தோண்டி எடுத்த கரட்டில் ஒரு பிடி
இந்த வண்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தகடு மடங்காமல் மேலிருந்து கீழாகப் பிரஷ் போட்டு
இரண்டு குடம் தண்ணீர் விட்டேன்.
பால் போல ஓடியது கூரையிலிருந்து.
ஸ்விட்ச் போட்டால் கம்ப்ரஸர்
ங்ங் என்று முனகி
டக்கென்று கை விடுகிறது.
கெபாசிட்டரைக் கழற்றினேன்,
தலை பூரி மாதிரி உப்பியிருந்தது.
மேலே எழுதியிருப்பது முப்பத்தைந்து,
மீட்டர் காட்டுவது பதினொன்று.

"நின்ன உடனே திரும்பப் போடுவீங்களா சார்?"
அவர் மலையைப் பார்த்தார்.
குணவதியம்மா சொன்னார்:
"அது மூச்சு விடறதுக்குள்ள ஒரு அமுக்கு.
நாலு நாளும் அதே."

மூணு நிமிஷம் விடணும் சார்.
நின்ன நேரத்துல உள்ளே
ஒரு பக்கம் அழுத்தம், ஒரு பக்கம் பள்ளம்.
ரெண்டும் தானா சமமாகணும்.
அதுக்குள்ள உசுப்புனா
மோட்டார் சுவத்தைத்தான் தள்ளும்.

சாதிக்கை ஐந்து ரோட்டுக்கு அனுப்பினேன், சாமான் வாங்க.
மடக்கு நாற்காலி இரண்டு.
அந்தம்மா மலை பார்க்க உட்கார்ந்தார்,
அவர் ரோடு பார்க்க.
"மேல ஏறிட்டா இதுவே வேணாம். போயிடலாம்னேன்."
"இருபத்தாறு லட்சம் போட்டு வாங்கி,
குளிராத வண்டியில குளிருக்குப் போறதா?"
எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டது.
நான் ஸ்க்ரூக்களுக்கு எண்ணெய் விட்டேன்.

சாதிக் வந்தான்,
கெபாசிட்டரோடு ஐந்து தட்டுவடை செட்டும் பொட்டலமாக.
ஏன் ஐந்து என்று கேட்கவில்லை.

போட்டதும் பிடித்துக்கொண்டது.
காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினேன்:
முப்பத்தொன்று.
இருபத்திரண்டு.
பதினான்கு.
கேஸ் பிரஷர் சொல்லிவைத்தாற்போல் சரியாக இருந்தது.
பிறகு வேண்டுமென்றே அணைத்தேன்.
திரும்ப எழுகிறதா பார்க்கணுமே.

யாரும் பேசவில்லை.
பீட்ரூட் துருவல் ஒட்டிய விரலோடு
அந்தம்மா ரிமோட்டை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
"ஆச்சா?" என்றார் அவர்.
"இன்னும் இருபது செகண்டு."
சொன்னது நானில்லை.

ராத்திரி ஏழே கால்.
"மறுபடி நின்னுபோச்சுங்க!"
"எங்க இருக்கீங்க?"
"பதினெட்டாவது வளைவு தாண்டி.
அமுக்கல, சத்தியமா அமுக்கல."
"அது நிக்கல சார். வெளியவே இருபது இருக்கும்,
அதுக்கு அங்க வேலை இல்ல.
ஜன்னலைத் திறங்க."

கண்ணாடி நகர்கிற சத்தம்.
ஏதோ ஒரு பூச்சி.
அந்தம்மா என்னவோ சொல்ல
அவர் ம், ம் என்றார்.
போன் கையில் இருப்பதையே மறந்துவிட்டார்.
நான்தான் கட் செய்தேன்.